வேதத்தில் பெண்களின் செல்வாக்கு: சாராளை எந்தப் பக்கம் எழுதுவது?

வேதமாணவி:
ஸ்தோத்திரம். பெண்கள் ஐக்கியத்துக்கு 45 நிமிட வேதபாடம் ஆயத்தமாகிறது. தேவனுக்கேற்ற செல்வாக்கு என்று ஒரு பக்கம் தெபொராள், அபிகாயில், எஸ்தர், லோவிசாள், ஐனிக்கேயாள். எதிர்ப்பக்கம் யேசபேல், அத்தாலியாள், தெலீலாள், எரோதியாள். சாராளிடமும் ரெபெக்காளிடமும் வந்ததும் பட்டியல் நின்றுவிட்டது. அபிகாயிலும் புருஷனுக்குச் சொல்லாமல்தானே போனாள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

பெரோயா வாசகர்:
சகோதரி, ஆட்களைப் பிரிக்காமல் செயல்களைப் பிரித்துப் பாருங்கள். ஆதியாகமம் 16:2-இல் தன் அடிமைப்பெண் ஆகாரைச் சேரும்படி சாராய் (பின்னாளில் சாராள்) சொன்னதற்கு ஆபிராம் செவிகொடுத்தான். வீட்டில் பிளவு வந்தது. 21:12-இல் அதே சாராளின் சொல்லைக் கேட்கும்படி தேவனே சொல்கிறார். 3:17-இல் ஆதாம் மேல் விழும் குற்றச்சாட்டிலும் மனைவியின் வார்த்தைக்குச் செவிகொடுத்தது வருகிறது. எபிரெயத்தில் மூன்று இடத்திலும் கேட்பதைக் குறிக்கும் ஒரே வினைதான். எனவே 3:17-ஐ மட்டும் காட்டி, பெண் சொல் கேட்டதே பாவம் என்று போதிப்பது தவறு.

அபிகாயிலுக்கு 1 சாமுவேல் 25-ஐ மெதுவாக வாசிக்க வேண்டும். அவள் புருஷன் நாபால் தாவீதின் ஆட்களுக்கு உணவு தராமல் அவமதித்தான்; தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிப் புறப்பட்டாயிற்று. விடிவதற்குள் நாபாலின் வீட்டு ஆண்கள் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். அவள் 200 அப்பம், 2 துருத்தி திராட்சரசம், சமைத்த 5 ஆடு, 5 படி வறுத்த பயறு, 100 திராட்சக்குலை வற்றல், 200 அத்திப்பழ அடை எல்லாவற்றையும் கழுதைகளில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் போகிறாள். நாபால் செய்தது சரி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பழி என்மேல் இருக்கட்டும் என்று தொடங்கி, நீர் ராஜாவாகும் நாளில் வீணாய்ச் சிந்திய இரத்தம் உம் மனதை உறுத்தக் கூடாது என்று முடிக்கிறாள். நடுவே, உம் சத்துருக்களின் உயிரைக் கர்த்தர் கவணில் வைத்து எறிந்துவிடுவார் என்கிறாள். கோலியாத்தைக் கவணால் வீழ்த்தியவனிடம் சொல்லப்பட்ட சொல் அது! அன்று ஜெயித்தது யார் என்பதை நினைவூட்ட அது போதும்.

புருஷனுக்குச் சொல்லாதது அந்த ஒரு இராத்திரிதான். வீடு திரும்பும்போது அவன் வெறித்திருந்தான். பொழுது விடிந்து வெறி தெளிந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பழியைத் தன்மேல் ஏற்கிறவளா என்று பாருங்கள். அதுவே உரைகல்.

திராட்சத்தோட்டம்:
ஐயா, அந்த உரைகல் ரெபெக்காளிடம் தோற்றுவிடும். உன்மேல் வரும் சாபம் என்மேல் வரட்டும் என்று அவளும்தான் சொன்னாள் (ஆதி. 27:13). மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்ற வாக்கு அவளுக்கு முன்னமே கிடைத்திருந்தது. ஆகவே நோக்கத்திலும் குறை காண முடியாது. வழிதான் கோணல்: மூத்தவன் ஏசாவுக்கான ஆசீர்வாதம் இளையவன் யாக்கோபுக்குக் கிடைக்க, 2 வெள்ளாட்டுக் குட்டிகளைச் சமைத்து, அவற்றின் தோலை யாக்கோபின் கைகளிலும் கழுத்திலும் போட்டு, பார்வை மங்கிய புருஷன் ஈசாக்கைத் தடவிப்பார்க்க விட்டாள். சில நாள் மாமன் வீட்டில் இரு என்று அனுப்பினாள். அது 20 வருஷமானது. தாயும் மகனும் மறுபடி சந்தித்ததாக ஆதியாகமத்தில் இல்லை.

கேட்கவேண்டியது வேறு: எதிரில் இருப்பவர் உண்மை தெரிந்து முடிவெடுத்தாரா? தாவீது கண் திறந்து முடிவெடுத்தான். ஈசாக்கு அப்படி அல்ல.

யேசபேலை இதோடு ஒப்பிட்டால் தெளிவாகும். 1 இராஜாக்கள் 21-இல் அவள் தன் பெயரில் எதையும் எழுதவில்லை. புருஷனான ராஜா ஆகாபின் பெயரில் ஊர் மூப்பருக்கு எழுதி அவன் முத்திரையைப் போட்டாள். உபவாசம் கூறி, ஆகாப் ஆசைப்பட்ட திராட்சத்தோட்டத்தைக் கொடுக்க மறுத்த நாபோத்தை ஜனத்தின் முன் நிறுத்தி, இரண்டு பொய்ச்சாட்சிகளை எதிரே உட்காரவைத்து, தேவதூஷணம் சொன்னான் என்று கல்லெறியச் செய்தாள். சாட்சி இரண்டு என்பதே உபாகமம் 17:6-இன் ஒழுங்கு. நியாயப்பிரமாணத்தையே கொலைக்கருவியாக்கினாள். மூப்பரில் ஒருவர்கூட மறுக்கவில்லை.

ஆனால் வகுப்பில் இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். நிருபத்தை எழுதியது அவள். ஆனால் கொலை செய்தாயே என்று எலியா தீர்க்கதரிசி நேரில் கேட்டது ஆகாபிடம். 25-ஆம் வசனம் மனைவி தூண்டியதையும் சொல்கிறது, தன்னைத்தானே விற்றுப்போட்டான் என்று அவனையும் சொல்கிறது.

வேதமாணவி:
இது பெரிய உதவி. அத்தாலியாளுக்கும் நேரம் ஒதுக்கலாமா? 45 நிமிடத்துக்குள் முடியுமா?

பெரோயா வாசகர்:
சகோதரர் சொன்ன திருத்தம் சரிதான், ரெபெக்காள் நினைவுக்கு வரவில்லை.

எல்லாப் பெயரையும் தொட்டால் ஒன்றும் பதியாது. 1 சாமுவேல் 25, 1 இராஜாக்கள் 21 இரண்டையும் முழுசாக வாசியுங்கள். 44 வசனம், 29 வசனம். வாசிப்புக்கே கால் மணி நேரம் போகும். அந்தப் பெண் செய்த வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள்: எழுதினாள், முத்திரை போட்டாள், இறங்கினாள், வணங்கினாள்.

அத்தாலியாளுக்கு 5 நிமிடம் போதும். 2 நாளாகமம் 22:3 அவளை மகனான யூதாவின் ராஜா அகசியாவின் ஆலோசனைக்காரி என்றே சொல்கிறது. அவள் ராஜவம்சத்தை அழித்தபோது குழந்தை யோவாசைத் தாதியோடு ஒளித்துவைத்தவளும் ஒரு பெண், யோசேபாள். 6 வருஷம் ஆலயத்தில் மறைந்திருந்த பிள்ளை 7 வயதில் ராஜாவானான். யோசேபாள் பேசிய ஒரு வார்த்தைகூட வேதத்தில் பதிவாகவில்லை.

இரண்டு இடத்தில் கவனம். எரோதுக்கு முன் ஆடிய பெண்ணின் பெயர் சுவிசேஷங்களில் இல்லை. எரோதியாளின் மகள் என்றே சொல்லுங்கள். மகதலேனா மரியாளை வேசி என்று பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். லூக்கா 8:2 சொல்வது ஏழு பிசாசுகள் நீங்கினவள் என்று. அடுத்த வசனத்திலேயே தங்கள் ஆஸ்திகளால் ஊழியஞ்செய்த பெண்கள் வருகிறார்கள்.