மறு: கன்னியாவும் ஓல்ட் ஃபெய்த்புல்லும் ஒரே சொல்லா?

வணக்கம் சேர், அக்கா. ஆங்கிலத்தில் கீசர் (geyser) எனப்படும், சுடுநீரை விட்டுவிட்டு மேலே எறியும் ஊற்றுக்கு நம் பட்டியலில் எந்தத் தமிழ்ச்சொல்லைப் போடுவது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> இரண்டுக்கும் 'வெந்நீரூற்று' போதாதா? சூடான நீர் நிலத்திலிருந்து வருகிறது, அவ்வளவுதானே.

போதாது அக்கா. திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவில் சதுரமாகக் கட்டிய ஏழு கிணறுகள். வாளியை விட்டு அள்ளித் தலையில் ஊற்றுகிறோம். ஒரு கிணற்றின் சூடு மற்றதற்கு இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, நிலத்தின் வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது. அடியில் எரிமலை எதுவும் இல்லை. ஊறிக்கொண்டே இருப்பதால் 'ஊற்று' சரி.

அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவிலுள்ள ஓல்ட் ஃபெய்த்புல் அப்படியா? 30 மீற்றருக்கு மேல் நீரை எறியும், ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும், பிறகு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சும்மா கிடக்கும். அந்த ஓய்வுதான் அதன் அடையாளம், சூடு அல்ல. அதே பூங்காவின் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் குளம் கன்னியாவைவிட எவ்வளவோ சூடு. ஆனால் பீறிடுவதே இல்லை. ஆகவே 'கொதிநீரூற்று' என்பதும் உதவாது.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் சொல் தானாக வரும். குழாய் போன்ற பாதையில் ஓரிடம் குறுகியிருக்க வேண்டும். அந்தக் குறுக்கத்தால் அடிநீரும் மேல்நீரும் தாராளமாகக் கலக்க முடியாது. மேலுள்ள நீரின் பாரத்தால் அடிநீர் 100 பாகையிலும் கொதிக்காது. கடல்மட்டத்தில் 10 மீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 120 பாகை வேண்டும். கடைசியில் குமிழிகள் எழுந்து மேலிருந்து கொஞ்ச நீரைத் தள்ளி வெளியே வழியவிடும். பாரம் குறைந்ததும் அடிநீரில் ஒரு பங்கு ஒரே நொடியில் ஆவியாகி மிச்சத்தை எறிகிறது. குழாய் வெறுமையாகும், மறுபடி நிரம்பும். எரிமலைப் பாறையிலிருந்து கரைந்துவரும் சிலிக்கா சுவரில் படிந்து குழாயை இறுக்குவதால்தான் அழுத்தம் கசியாமல் நிற்கிறது.

இனிச் சொற்கள். 'கீசர்' வேண்டாம், அது ஐஸ்லாந்தில் ஓர் ஊற்றின் பெயர். தமிழ்நாட்டிலோ அந்தச் சொல்லைக் கேட்டால் குளியலறைச் சுடுநீர்க் கருவிதான் நினைவுக்கு வரும். 'பீச்சூற்று' ஒலியில் நன்று, ஆனால் பீச்சுதலுக்கு வயிற்றுப்போக்கு என்ற பொருளும் உண்டு. வகுப்பில் சொல்ல முடியாது. 'பொங்கூற்று' எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதிலிருந்து வேறு சொற்களை ஆக்கும்போது இடறுகிறது. 'பொங்கல் இடைவேளை' என்று எழுதினால் தை மாத விடுமுறை என்றுதான் வாசிப்பார்கள்.

என் பரிந்துரை: பீறிடூற்று. வினைத்தொகை. பீறிட்ட, பீறிடுகின்ற, பீறிடும் ஊற்று என முக்காலமும் அடங்கும். ஓய்ந்திருக்கும்போதும் பெயர் பொருந்தும்.

—

> ஓர் எழுத்தைக் குறைத்து 'பீறூற்று' என்றால் நாவுக்கு எளிது.

எளிதுதான் சேர். ஆனால் பீறு என்றால் கிழி. 'பீறிய சேலை' என்கிறோம். பாய்ந்து வருவதைச் சொல்வது பீறிடு. ஓர் எழுத்தைச் சேமிக்கப் பொருளை விடவேண்டாம்.

துணைச்சொற்களையும் போட்டுப் பார்த்தேன்: கூம்பிலிருந்து எறிவது கூம்புப் பீறிடூற்று, குளத்திலிருந்து எறிவது குளப் பீறிடூற்று, நடுவே ஓய்ந்திருக்கும் நேரம் பீறிடல் இடைவேளை. ஆவி மட்டும் வருவது ஆவித்துளை. கொதிக்கும் சேற்றுக்குச் 'சேற்றுக்கொதி' என்பது எனக்கே நிறைவில்லை. மட்டக்களப்புப் பக்கத்தில் இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

பதிவில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் சேர்க்க வேண்டும். யெலோஸ்டோனின் மோர்னிங் குளோரி குளத்தில் வருகையாளர் எறிந்த நாணயங்களும் குப்பையும் நீர்வரும் துளையை அடைத்தன. வெப்பம் குறைந்தது, நுண்ணுயிர்கள் உள்நோக்கிப் பரவின, நீலமாக இருந்த நீரின் ஓரம் மஞ்சளும் செம்மஞ்சளுமானது. கன்னியாக் கிணற்றில் சில்லறை போடும் பிள்ளைகளுக்கு இது விளங்கும்.

வரைவு:

பீறிடூற்று (பெ.): நிலத்தடியில் அழுத்தத்தில் சூடேறிய நீரை, ஆவியின் விசையால் இடைவிட்டு மேலே எறியும் வெந்நீரூற்று.

'இடைவிட்டு' என்பதை எவரும் வெட்டிவிடாதீர்கள்.