ஓடுகிற கார் திடீரென்று நின்றால் கரன்ட்டா, பெட்ரோலா? பழைய கார் வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

அம்பாசிடர் மார்க் 2, திருச்சி

ஒரேயடியாகப் படுத்துவிட்ட காரைச் சரிசெய்வது சுலபம். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, பாதி வழியில் காரணமே இல்லாமல் நின்று, நாம் டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிற கார்தான் ஆளைக் கொல்லும். மெக்கானிக் முன்னால் நிறுத்தினால் சமர்த்தாக ஓடும். என் அம்பாசிடர் அப்படித்தான் படுத்தியது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், எஸ்.யூ. கார்புரேட்டர், பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் திறந்து மூடிக் கரன்ட்டை விட்டு நிறுத்துகிற பாயின்ட்.

ஊருக்குள் மெதுவாகப் போனால் ஒரு தொந்தரவும் இல்லை. புதுக்கோட்டை ரோட்டில் ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு வெட்டு வெட்டும். சில நாள் அந்த வெட்டோடு விட்டுவிடும், சில நாள் அப்படியே ஆஃப். ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். இன்னொரு இடத்தில் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் மாற்றினார்கள். அப்புறம் பிளக்குக்கு உயர் வோல்ட் கரன்ட் தருகிற காயில், பிளக், பிளக் ஒயர். பில்தான் ஏறியது, வெட்டு போகவில்லை.

கடைசியில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்டார்: "நிற்கும்போது எப்படி நிக்குது? சாவியைத் திருப்பி அணைச்ச மாதிரியா, இருமி இருமியா?" அணைத்த மாதிரிதான் என்றேன். "அப்ப பெட்ரோல் பக்கமே போக வேண்டாம்" என்று சொல்லி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். பாயின்ட்டுக்குக் கரன்ட் கொண்டுபோகிற விரற்கடை நீள ஒயரை சின்ன இடுக்கியால் பிடித்து லேசாக இழுத்தார். ஒயரின் உறை மட்டும் ரப்பர் பேண்டாக நீண்டது. உள்ளே செம்பு இழைகள் எப்போதோ அறுந்துவிட்டிருந்தன. உறைதான் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் ஏன் வெட்டியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. இன்ஜினின் உறிஞ்சலை வைத்து பிளக் நெருப்பின் நேரத்தை முன்தள்ளுகிற வாக்குவம் அட்வான்ஸ் வேலை செய்யும்போது பாயின்ட் உட்கார்ந்திருக்கிற தட்டு சற்றே திரும்பும். தட்டு திரும்பினால் ஒயர் இழுபடும், அறுந்த முனைகள் விலகும், கரன்ட் போய்விடும். ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர வேண்டிய ஒயர் அது. அதனால் மெல்லிய இழைகள் நிறையக் கொண்ட, நன்றாக வளைகிற ஒயரைத்தான் அங்கே போட வேண்டும். வீட்டு ஒயரிங்கில் வருகிற விறைப்பான ஒயர் கொஞ்ச நாளில் மறுபடி அறுந்துவிடும். அவர் மெல்லிழை ஒயரைப் பற்றவைத்து, பாயின்ட் இடைவெளியை 15 தௌ, அதாவது 0.38 மி.மீ. வைத்துக் கொடுத்தார். வெட்டு அன்றோடு போனது.

நீங்கள் கண்டுபிடித்ததையும் எழுதுங்கள். "அதை மாற்றினேன், இதை மாற்றினேன்" என்பதைவிட, நிற்கிற அந்த நேரத்தில் கார் என்ன செய்தது என்று எழுதினால் எல்லோருக்கும் உதவும்.

பிரீமியர் பத்மினி, கோவை

எனக்கு நேர்மாறு. என் பத்மினி இருமித்தான் நிற்கும். பைபாஸில் நன்றாக ஓடும், அப்புறம் இழுவை குறையும், ரெண்டு உலுக்கு உலுக்கும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

ஒரு தடவை நின்றவுடனே டாங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டாங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. எனக்கு முன்னால் கார் வைத்திருந்தவர் துளையில்லாத ஏதோ ஒரு மூடியை வாங்கி மாட்டியிருந்தார். காற்றுக் குழாயைப் பார்த்தால் அதில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. கார் ஷெட்டில் சும்மா நின்ற காலத்தில் நடந்திருக்க வேண்டும். மெல்லிய கம்பி விட்டுக் குத்தி எடுத்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் கொஞ்ச மாதத்தில் மறுபடியும் அதே இருமல். இந்த முறை மூடியைத் திறந்தால் சத்தம் இல்லை. பம்ப்புக்கு முன்னால் இருந்த பழைய ரப்பர் ஹோஸைக் கழற்றிக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். வெளியே நல்ல ஹோஸ்தான், உள்சுவர் ஊறி உப்பி, பெட்ரோல் போகிற வழி பாதியாகச் சுருங்கியிருந்தது. 2023-இல் இருந்து பங்க்குகளில் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வர ஆரம்பித்தது. எத்தனாலுக்குத் தாங்காத பழைய ரப்பர் அதில் ஊறும், கரையும், வெடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி முழு லைனையும் மாற்றினேன். மாதக்கணக்கில் காரை நிறுத்துகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் சேர்ந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், காலையில் முதலில் கார்புரேட்டருக்குப் போவது அதுதான்.

மொறிஸ் மைனர், யாழ்ப்பாணம்

எங்கள் பக்கம் பழைய கார் ஆசைக்கு வைத்திருக்கிற சாமான் மட்டும் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோலைக் கண்ணால் காண ஏலாது. மொறிஸ், ஒஸ்ரின் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சின்னப் போத்தலில் பத்திரமாக வைத்திருக்கிற பெற்றோலில் கொஞ்சத்தைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடு பிடித்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சந்தியில் எஞ்சின் நின்றுவிட்டால் பிறகும் போத்தலைத் தேட வேண்டும். ஆகவே நின்றுபோகிற கார் எங்களுக்குப் புதினம் இல்லை.

மைனர் வைத்திருப்பவர்கள் முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். இதில் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிற எஸ்.யூ. பம்ப், எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கும். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அடித்து, கார்பரேற்றர் கிண்ணம் நிரம்பியதும் தானாக அடங்கும். கார் நின்றவுடன் சாவியை ஒருக்கால் நிறுத்திவிட்டு மறுபடி திருப்பிக் கேளுங்கள். கிண்ணம் வெறுமையாக இருந்தும் சத்தமே இல்லை என்றால் பம்ப்புக்குள் இருக்கிற பொயின்ற் ஒட்டியிருக்கலாம், அல்லது அதற்குக் கரன்ட் வரவில்லை. அடங்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் ராங்கியில் பெற்றோல் இல்லை, இல்லாவிட்டால் குழாயில் எங்கேயோ காற்று இழுக்கிறது.

என்னுடைய கார் கண்டி றோட்டில் மாங்குளம் தாண்டி நின்றபோது பம்ப் ஊமையாக இருந்தது. ஸ்பனர் பிடியால் பம்ப்பின் உடம்பில் ஒரு தட்டு. டிக் டிக். வீடு வரைக்கும் ஓடிவந்தது. தட்டி ஓட்டுவது வைத்தியம் ஆகாது, பொயின்றைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். ஆனால் இருட்டுகிற நேரத்தில் அந்தத் தட்டு போதும்.

அம்பாசிடர், வத்தலக்குண்டு

கொடைக்கானல் மலைப்பாதையில் கார் நின்றால் எல்லோரும் "ஏர் லாக்" என்று சொல்லி, பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணி சுற்றுவார்கள். பாதி நேரம் அது சரிதான். அம்பாசிடரில் பம்ப் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டிலேயே கிடக்கிறது, ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்தால் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகிவிடும். ஆனால் அரை மணி நேரம் நிறுத்தி ஆறவைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு "ஏர் லாக்தான்" என்பவர்களை நான் நம்புவதில்லை. அந்த அரை மணியில் பம்ப் மட்டுமா ஆறுகிறது? காயிலும், பாயின்ட்டில் நெருப்பு பறக்காமல் அடக்குகிற கண்டென்சரும் சேர்ந்துதான் ஆறுகின்றன.

நின்றவுடனே பம்ப்பின் மேல் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே கிளம்பினால் பெட்ரோல். கிளம்பாவிட்டால் காயிலைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் ஈரத்துணியை அதற்குச் சுற்றுங்கள். மேனிஃபோல்டில் மட்டும் தண்ணீர் படக் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னை

ஓடும்போது நிற்கிற கதையையே எல்லோரும் எழுதுகிறீர்கள், ஸ்டார்ட்டே ஆகாத கதையையும் சொல்கிறேன். அப்பா வாங்கிய கார், சென்னையிலேயே தயாரானது. முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து தூக்கிக்கொள்ளும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், அந்த வகையில் புண்ணியம்.

சில நாள் செல்ஃப் அருமையாக எடுக்கும். சில நாள் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதிது. புதுப்பேட்டையில் செல்ஃப் மோட்டாரைக் கொடுத்துப் பிரஷ் மாற்றி வாங்கி வந்தும் அதே பாடு. ஒரு நாள் தம்பி சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்க, நான் இன்ஜின் பக்கம் நின்றேன். சோக் கேபிளிலிருந்து புகை வந்தது! தொட்டால் சுடுகிறது.

இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து கரன்ட் பாடிக்குத் திரும்பிப் போக ஒரு தடித்த எர்த் பட்டை இருக்க வேண்டும். எங்கள் காரில் பட்டை இருந்தது, ஆனால் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டும் துருவுமாக ஒட்டவே இல்லை. செல்ஃப் இழுக்கிற கரன்ட் முழுவதும் வேறு வழியில்லாமல் சோக் கேபிள் வழியாக ஓடியிருக்கிறது. வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் டெர்மினலிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடித்தால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். எங்களுக்கு நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் பட்டை வைத்து முறுக்கினோம். பழைய செல்ஃப் மோட்டாருக்கு எந்தக் கோளாறும் இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

பட்டறை வைத்திருந்தவன், மதுரை

எல்லாம் படித்தேன். திருச்சி அண்ணனின் ஒயர் மாதிரி நிறைய பார்த்திருக்கிறேன். என் பங்குக்கு.

கண்டென்சர்: புதிது என்பதால் நல்லது என்று நினைக்காதீர்கள். இப்போது கடையில் கிடைப்பதில் பல, சூடேறினால் கைவிடும். இருட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பாயின்ட் திறக்கும்போது பளிச் பளிச்சென்று பெரிய நெருப்பு பறந்து, மூடியை மாட்டிவிட்டுப் பார்க்கும்போது பிளக்கில் மட்டும் மஞ்சளாக மெலிந்த கரன்ட் வந்தால் கண்டென்சர் போய்விட்டது. ஓட்டிப் பார்த்து நல்லது என்று தெரிந்த பழையது ஒன்றை டேஷ்போர்டில் வைத்திருங்கள்.

காயில்: பாலஸ்ட் (காயிலுக்கு முன்னால் கரன்ட்டைக் குறைக்கிற மின்தடை) இல்லாத பழைய 12 வோல்ட் காருக்கு, உள்ளே சுமார் 3 ஓம் இருக்கிற காயில் வேண்டும். பாலஸ்ட் காருக்கு உண்டான 1.5 ஓம் காயிலை மாட்டினால் கரன்ட் இரட்டிப்பாக ஓடி, காயிலும் கொதிக்கும், பாயின்ட்டும் கருகும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். மல்டிமீட்டர் கையில் இருந்தால் அங்கேயே அளந்து வாங்குங்கள்.

ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் கரன்ட் கொடுப்பது): பித்தளைத் தகட்டைப் பிடிக்கிற ரிவெட் நீளமாக இருக்கிற மட்டமான சரக்கு வருகிறது. கரன்ட் பிளக்குக்குப் போகாமல் ரிவெட் வழியாக உள்ளே ஷாஃப்ட்டுக்கு இறங்கிவிடும்.

எப்போது நிற்கும் என்று தெரியாத காருக்கு நான் செய்வது இதுதான். சின்ன 12 வோல்ட் பல்பு ஒன்று, நீள ஒயர். ஒரு முனை காயிலுக்குச் சாவியிலிருந்து கரன்ட் வருகிற டெர்மினலில், மறுமுனை பாடியில். பல்பு டிரைவர் கண்ணில் படும்படி. கார் நிற்கிறபோது பல்பும் அணைந்தால் சாவி சுவிட்சிலோ அதிலிருந்து வருகிற ஒயரிலோ கோளாறு. பல்பு எரிந்துகொண்டே கார் நின்றால், ஒயரைக் காயிலின் அடுத்த டெர்மினலுக்கு மாற்றி செல்ஃப் அடியுங்கள். மினுக்கி மினுக்கி எரிந்தால் பாயின்ட் வேலை செய்கிறது. விடாமல் எரிந்தால் பாயின்ட் தொடவில்லை, அல்லது அதன் ஒயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் எங்கேயோ எர்த் ஆகிறது, அல்லது காயில் உள்ளே அறுந்துவிட்டது.

பாயின்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்று கேட்பார்கள். போடுங்கள், நன்றாகவே ஓடும். ஆனால் அந்த மாட்யூல் ரோட்டில் போய்விட்டால் தட்டியும் ஓடாது, தேய்த்தும் ஓடாது. கழற்றிய பாயின்ட் தட்டை கண்டென்சரோடு அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டி டிக்கியில் போட்டு வையுங்கள், கூடவே ஒரு ஸ்க்ரூ டிரைவரும், பாயின்ட் இடைவெளியை அளக்கிற ஃபீலர் கேஜும்.