ஓய்வுக் காலப் பணம்: மொத்தமாக வாங்கியவர்களும் மாதாமாதம் வாங்குபவர்களும் தங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

ஓய்வு பெற்ற பொருளியல் ஆசிரியர், உப்புவெளி

திருகோணமலையில் உயர்தர வகுப்புகளுக்கு நெடுங்காலம் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பொருளியலறிஞர் மொடிக்லியானியின் வாழ்க்கைச் சக்கரக் கோட்பாட்டைப் பலமுறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன்: உழைக்கும் காலத்தில் சேமித்து, ஓய்ந்த காலத்தில் அந்தச் சேமிப்பைச் சிறிது சிறிதாகச் செலவழித்து, வாழ்நாள் முழுவதும் நுகர்வைச் சமப்படுத்திக்கொள்கிற மனிதனின் படம் அது. அந்த மனிதனை நேரில் தேடியது 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான். சீனக்குடாவில் ஒரு தனியார் களஞ்சியத்தில் வேலை செய்த என் அத்தான் (அக்காவின் கணவர்) ஊழியர் சேமலாப நிதியை எடுப்பதற்கான படிவத்தோடு என் வீட்டு விறாந்தைக்கு வந்திருந்தார்.

பிஸ்கட் பேணி ஒன்றில் இருபத்தேழு வருடப் பத்திரங்களை வைத்திருந்தார். பீ அட்டையில் (நிதியின் உறுப்பினர் அட்டை) இருந்த பெயருக்கும் அடையாள அட்டையில் இருந்த பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்காகச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரம் போயிற்று. வந்த பணம் ஏறக்குறைய முப்பது இலட்சம்.

1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் மாதந்தோறும் கட்ட வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்கு எண்ணாயிரம் ரூபாய். அத்தானை யாரும் சேரச் சொல்லிக் கேட்கவில்லை, எவ்வளவு வெட்டலாம் என்றும் கேட்கவில்லை. அமெரிக்காவில் மட்ரியனும் ஷேயும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறொரு பக்கத்திலிருந்து காட்டியது. ஒரு நிறுவனம் புதிய ஊழியர்களைத் தானாகவே சேமிப்புத் திட்டத்தில் சேர்த்து, வேண்டாதவர்கள் விலகலாம் என்று ஏற்பாடு செய்தபோது, அதுவரை 37 சதவீதமாக இருந்த பங்கேற்பு 86 சதவீதமாயிற்று. அவர்களிற் பெரும்பாலோர் நிறுவனம் குறித்துக் கொடுத்த அதே வீதத்தில், அதே நிதியத்தில் அப்படியே இருந்துவிட்டார்கள். யோசிக்காமல் விட்டால் மனிதர் சேமிப்பார்கள் என்று இதைச் சுருக்கலாம்.

ஆனால் எங்கள் முறையில் யோசிக்க வேண்டிய சுமை முழுவதும் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில், நிதி மொத்தமாகக் கைக்கு வரும்போது, ஒரே நாளில் வந்து தலையில் விழுகிறது. ஓய்வூதியம் பெறும் அரச ஊழியனான எனக்கு அந்த நாள் வரவேயில்லை. பணிக்கொடையைக் கொடுத்துவிட்டு மிகுதியை மாதாமாதம் பத்தாம் திகதி தருகிறார்கள். என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அத்தானின் வீட்டுக்கோ, பணம் வந்த வாரமே மூன்று பேர் வந்துபோனார்கள். ஒருவருக்கு லொறி வாங்க வேண்டும், ஒருவருக்கு மகனைக் கட்டாருக்கு அனுப்ப வேண்டும், மூன்றாமவர் காணி காட்டினார். மூவரும் உறவினர், மூவருக்கும் முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல முடியாது. பின்னுரித்தாக எதையும் விட்டுச்செல்ல நினைக்காத ஒருவர் தன் சேமிப்பை வாழ்நாள் ஓய்வூதியமாக மாற்றிக்கொள்வதே சிறந்தது என்று யாரி என்ற பொருளியலறிஞர் 1965இல் நிறுவினார். மக்கள் அப்படிச் செய்வதில்லை என்பதை அந்தத் துறையில் ஒரு புதிர் என்பார்கள். அக்காவின் வீட்டு வாசலில் ஒரு மணித்தியாலம் இருந்திருந்தால் அதைப் புதிர் என்று எழுதியிருக்க மாட்டார்கள். மாத வருமானத்தின் பெறுமதி அதன் தொகையில் மட்டும் இல்லை, அதை யாரும் மொத்தமாகக் கடன் கேட்க முடியாது என்பதிலும் இருக்கிறது என்பதே என் எண்ணம். மற்றவர்களுக்கு நேர்ந்ததை அறிய விரும்புகிறேன்.

குடும்பத் தலைவி, கிண்ணியா

சேர், உங்கள் கருத்தில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. வீட்டுக்காகவும் மருத்துவத்துக்காகவும் நிதியில் 30 சதவீதத்தை முன்கூட்டியே எடுக்கலாம் என்ற வசதி வந்தபோது எங்கள் வாப்பா அதை எடுத்து எனக்கு வீடு கட்டினார். நம் கிழக்கில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் பேசுகிறோம். பெற்றோர் அந்த வீட்டிலோ அதே வளவிலோ இருப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஓய்வுக் காலச் சேமிப்பை ஒரு மனிதர் கரைத்துவிட்டார் என்று தோன்றும். இன்று வாப்பா என் வீட்டு முன்னறையில் இருக்கிறார். மூன்று வேளைச் சாப்பாடும் மருந்தும் நான் பார்க்கிறேன். அந்த வீடுதான் அவருடைய ஓய்வூதியம்.

இருந்தாலும் ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். சென்ற நோன்புக் காலத்துக்கு முன் அவருக்கு ஒரு கிழமையாகத் தலைச்சுற்று இருந்திருக்கிறது, சொல்லவில்லை. கேட்டபோது, மருமகனிடம் திரும்பத் திரும்பக் காசு கேட்பது சரியில்லை என்றார். தேநீர்க் கடைக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தார். சோறு குறையவில்லை, ஆனால் சட்டைப் பையில் சொந்தமாக ஐந்நூறு ரூபாய் இல்லை. நீங்கள் சொன்ன மாத வருமானம் ஒரு சிறிய தொகையாக இருந்திருந்தாலும் அந்தக் கிழமை வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடற்றொழிலாளர் குடும்பம், சல்லி

எங்களுக்கு மொத்தமும் இல்லை, மாதமும் இல்லை. மீனவர்களுக்கென்று 1990இல் ஓய்வூதியத் திட்டம் ஒன்று சட்டமாக வந்தது. அப்பா சேர்ந்து சில தவணைகள் கட்டினார். பிறகு இடம்பெயர்வு, பிறகு 2004 சுனாமி. பற்றுச்சீட்டுகள் வீட்டோடு போயின. அவர் மேற்கொண்டு கட்டாததற்குக் காரணம் அக்கறையின்மை என்று சொல்ல மாட்டேன். வாடைக் காற்று எழுந்தால் எங்கள் பக்கக் கடலில் மாதக்கணக்கில் தொழில் இல்லை. அந்த மாதங்களில் நகை அடகுக்குப் போகும், தொழில் தொடங்கியதும் மீட்கப்படும். சம்பளக்காரருக்காக வகுத்த தவணை எங்கள் வீட்டுக் கணக்கில் பொருந்தவில்லை. அப்பாவின் சேமிப்பு என்று மிஞ்சியது இரண்டு வலையும் ஓர் இயந்திரமும். இயந்திரம் அவரைவிட வேகமாகக் கிழடாகிறது.

பொருளியல் ஆசிரியர்

தம்பி, நீங்கள் எழுதியதற்கு நேரடியாகப் பொருந்தும் ஒன்று உண்டு. தேலரும் பெனார்ட்சியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இன்றைக்குக் கூடுதலாகச் சேமியுங்கள் என்று ஊழியர்களிடம் கேட்கவில்லை. அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பகுதியைச் சேமிப்புக்கு விட இப்போதே சம்மதியுங்கள் என்று கேட்டார்கள். சம்மதித்தவர்களின் சேமிப்பு வீதம் 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதத்துக்கு உயர்ந்தது. கையில் இருப்பதிலிருந்து வெட்டினால் வலிக்கும், இனிமேல் வருவதில் வெட்டினால் அவ்வளவு வலிக்காது என்பதே அதன் அடிப்படை. சல்லியில் சம்பள உயர்வு இல்லை, மீன் படுகிற காலம் உண்டு. தவணையை மாதத்தோடு கட்டாமல் அந்தக் காலத்தோடு கட்டியிருந்தால் உங்கள் அப்பா தொடர்ந்திருப்பாரோ என்று நினைக்கிறேன்.

கடை ஊழியர், நகரம்

சம்பளத்தில் வெட்டினால் சேமிப்பு நடந்துவிடும் என்று நம்பியிருந்தவள் நானும். ஒன்பது வருடம் ஒரு கடையில் கணக்கெழுதினேன். சம்பளச் சிட்டையில் மாதாமாதம் 8 சதவீதம் கழிந்திருந்தது. முதலாளி கடைசி நான்கு வருடங்களாக அதைக் கட்டவேயில்லை என்பது, நிதிக் கணக்குக் கூற்று ஏன் வரவில்லை என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது. மாதப் பணத்தை அடுத்த மாத இறுதிக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் தாமதத்துக்கு ஏற்ப 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு என்பதைத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கப் போனபோது அறிந்தேன். நிலுவை தவணை தவணையாக வந்துகொண்டிருக்கிறது. சம்பளச் சிட்டைகளை எறிந்துவிடாமல் வைத்திருந்ததே எனக்குக் கைகொடுத்தது, சகோதரிகள் வைத்திருங்கள்.

பொருளியல் ஆசிரியர்

கிண்ணியாத் தங்கச்சி எழுதியதை வாசித்தபின் என் வாதத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. அத்தானும் இறுதியில் பன்னிரண்டு இலட்சத்தை மகளின் வீட்டுக் கூரைக்கும் தரைக்கும் செலவழித்தார். அப்போது நான் அதைக் கண்டித்தேன். இப்போது கண்டிக்க மாட்டேன்.

மாத வருமானத்தையும் அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. என் ஓய்வூதியம் அதன் அருகில்கூட வரவில்லை. அந்த ஆண்டுக்குச் சேமலாப நிதி வழங்கிய வட்டி 9 சதவீதம். அத்தான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டில், பேணிக்குள் பத்திரங்கள் அப்படியே இருக்க, அவற்றின் பெறுமதியில் கணிசமான பங்கு போய்விட்டிருந்தது.

மிகுதியில் பதினைந்து இலட்சத்தை அக்காவும் அத்தானும் கூட்டுப் பெயரில், மாத வட்டி எடுக்கும்படி ஒரு வருட நிலையான வைப்பில் இட்டார்கள். அது அக்காவின் முடிவு. அன்றைய வீதம் 20 சதவீதம். வரி கழிப்பதற்கு முன் மாதம் இருபத்தையாயிரம். மறுவருடம் புதுப்பித்தபோது வீதம் 8 சதவீதமாக இறங்கியிருந்தது, பத்தாயிரம். அத்தான் சிட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். ஆனாலும் மகள் எத்தனையோ முறை சொல்லியும் வங்கி அட்டையை அவளிடம் கொடுப்பதில்லை. வட்டி விழுகிற நாளில் பஸ் ஏறி நகரத்துக்கு வந்து, தானே இயந்திரத்தில் எடுத்து, என் வீட்டில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, பேரனுக்கு எதையாவது வாங்கிக்கொண்டு போகிறார்.

லொறிக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வைப்பு முதிர்வதற்குள் உடைக்க முடியாது, வட்டி வெட்டிவிடுவார்கள் என்று அத்தான் சொல்லுகிறார். பாதி உண்மை. அடுத்த முறை ஐந்து வருடத்துக்குப் போடலாமா என்று கேட்கிறார். அப்படி நீண்ட காலத்துக்கு இட்டவர்கள் இருந்தால், இடையில் அவசரம் வந்தபோது என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள்.