ஜப்பானிலிருந்து ஆர்34 ஜிடி-ஆர்: 25 வயதை எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவது? அப்புறம் கலிஃபோர்னியா?

பேசைட் நீலம்:

வணக்கம். நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்34, வி-ஸ்பெக் 2. ஜப்பானில் ஓர் ஏற்றுமதியாளரிடம் இருக்கிறது. கார்பன் பானெட், ஏலத் தாளில் (ஏலத்தில் வண்டியின் நிலையை மதிப்பிட்டு எழுதும் தாள்) கிரேடு 4, நிறம் என்ன என்று என் பெயரைப் பார்த்தாலே தெரியும். நான் இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸில். இந்த வண்டியை இங்கே கொண்டுவர அதற்கு 25 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். விலை பேசி முடியும் நிலைக்கு வந்தாயிற்று. முன்பணம் அனுப்புவதற்குள் சில விஷயங்கள் தெளிவாக வேண்டும்.

ஏற்றுமதிச் சான்றிதழில் முதல் பதிவு ஹெய்செய் 13, மார்ச் என்று இருக்கிறது. அதாவது 2001 மார்ச். ஏற்றுமதியாளரோ, "வண்டி தயாரானது ஜனவரியில்தான். 2026 ஜனவரியில் அமெரிக்காவில் இறங்கும்படி கப்பலில் ஏற்றிவிடலாம்" என்கிறார். ஆதாரம் கேட்டால் சீட் பெல்ட் அடியில் தைத்திருக்கும் பட்டையின் படத்தை அனுப்புகிறார். அதில் ஏதோ ஒரு மாதம் அச்சாகியிருக்கிறது. இதைச் சுங்கத்துறை ஒப்புக்கொள்ளுமா?

அடுத்தது, முந்தைய உரிமையாளர் டர்போக்களை மாற்றியிருக்கிறார். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டிருக்கிறார். ஒரிஜினல் பாகங்கள் பெட்டியில் கூடவே வருமாம். இதில் சிக்கல் உண்டா?

கடைசியாக ஒன்று. என்னைக் கலிஃபோர்னியாவுக்கு மாற்றலாம் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. "அப்படியென்றால் காரை விற்றுவிடுவீர்கள், அவ்வளவுதானே" என்று வீட்டம்மா ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

---

பழைய ஆர்பி:

தம்பி, முன்பணத்தை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். என்னிடம் 1990 ஆர்32 ஜிடி-ஆர் இருக்கிறது. அதை வாங்கிய காலத்திலிருந்து, தெரிந்தவர்கள் யார் ஜப்பானிலிருந்து வண்டி எடுத்தாலும் காகிதங்களை என்னிடம் காட்டிவிட்டுத்தான் பணம் கட்டுகிறார்கள். என் பழக்கம் ஒன்றுதான்: காகிதங்களைப் பார்த்து முடித்த பிறகுதான் காரின் படத்தையே திறப்பேன்.

தேதி விஷயத்துக்கு வருவோம். 25 ஆண்டு விலக்கு 1988இல் வந்த சட்டத்திலிருந்து வருவது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் தரங்களுக்கு ஏற்பக் கட்டாத வண்டியை இங்கே கொண்டுவரக் கூடாது, ஆனால் தயாராகி 25 ஆண்டு ஆகிவிட்டால் அந்தத் தரங்கள் பொருந்தாது என்பதுதான் சாரம். மாடல் ஆண்டு, விற்பனை ஆண்டு எதுவும் இதில் கணக்கில்லை, தயாரான தேதிதான். அதுவும் மாதக் கணக்கில் பார்ப்பார்கள். அந்த மட்டில் உங்கள் ஏற்றுமதியாளர் சொல்வது சரி. ஜனவரியில் தயாரான வண்டி ஜனவரியில் வரலாம்.

ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு என்று செய்த வண்டிகளில், அமெரிக்க வண்டிகளின் கதவுச் சட்டத்தில் இருப்பது போலத் தயாரிப்பு மாதம் போட்ட லேபிள் இருக்காது. எஞ்சின் அறையில் உள்ள தகட்டில் சேசிஸ் எண், மாடல் குறியீடு, நிறக் குறியீடு எல்லாம் இருக்கும், தேதி மட்டும் இருக்காது. லேபிள் இல்லாதபோது என்ன காட்டலாம் என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே சொல்லியிருக்கிறது. முதலில் விற்ற தேதியுள்ள இன்வாய்ஸ், அல்லது 25 ஆண்டுக்கு முன்பே பதிவானதைக் காட்டும் ஆவணம். இரண்டும் இல்லையென்றால் அங்கீகாரமுள்ள ஒரு பழைய வாகனச் சங்கத்தின் கடிதம். சீட் பெல்ட் பட்டை இந்தப் பேச்சிலேயே வரவில்லை. அதில் இருப்பது பெல்ட் தயாரான மாதம். பெல்ட்டைச் செய்து அடுக்கி வைத்துவிட்டுப் பிறகுதான் வண்டியில் பூட்டுவார்கள். ஆகவே அது வண்டி இதற்கு முன்னால் தயாராகியிருக்காது என்பதற்குத்தான் சாட்சி, இந்தத் தேதிக்குள் தயாராகிவிட்டது என்பதற்கு இல்லை. உங்களுக்கு வேண்டியதோ இரண்டாவது. நிஸானின் உதிரிபாகப் பட்டியல் மென்பொருளில் சேசிஸ் எண்ணைப் போட்டால் தயாரிப்பு மாதம் வரும். நம் திருப்திக்கு அதைப் பார்த்துக்கொள்ளலாம். துறைமுகத்தில் இருக்கும் அதிகாரி அந்த மென்பொருள் திரையின் படத்தை ஏற்பாரா என்று இரண்டு மாத அவசரத்துக்காகச் சோதித்துப் பார்ப்பானேன்?

ஏற்றுமதிச் சான்றிதழில் மார்ச் என்று இருக்கிறதா, மார்ச் முடிந்த பிறகு கரையேறும்படி வையுங்கள். பதிவு எப்போதும் தயாரிப்புக்குப் பிறகுதான் நடக்கும் என்பதால் அந்தத் தேதியை யாராலும் ஆட்டிப்பார்க்க முடியாது. 25 நிறையாமல் வந்து இறங்கிய வண்டிக்கு உருப்படியான வழி எதுவும் கிடையாது. வாடகை ஏற ஏறக் காத்திருப்பது, திருப்பி அனுப்புவது, இல்லையென்றால் நசுக்குவது. ஆர்34 நசுங்கிய படங்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்க்க வேண்டாம். இன்னொன்று, அந்தச் சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும். காத்திருக்கும்போது அது காலாவதி ஆகாமல் தேதியைக் கணக்குப் போடுங்கள்.

டர்போ. இது பாதுகாப்புத் துறை விஷயம் இல்லை, சுற்றுச்சூழல் முகமையின் விஷயம். அவர்களுக்கு 21 ஆண்டு போதும், அதுவும் வெறும் ஆண்டுக் கணக்குதான், மாதம் பார்ப்பதில்லை. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை இருக்கிறது: வண்டி தயாரானபோது இருந்த அமைப்பில், மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். எல்லோரும் 25, 25 என்று சொல்லிச் சொல்லி இந்த வரியைப் படிப்பதே இல்லை. அந்த முகமையின் 3520-1 படிவத்தில் அந்த விலக்கைக் குறித்துக் கையெழுத்துப் போடுவது நீங்கள், ஏற்றுமதியாளர் அல்ல. பெட்டியில் கூடவே வருகிறது என்பது மாட்டியிருக்கிறது என்று ஆகாது. ஒரிஜினல் டர்போக்களையும் கன்வர்ட்டரையும் ஜப்பானிலேயே மாட்டச் சொல்லுங்கள். செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும். மாட்டிய பிறகு சேசிஸ் எண்ணும் தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எஞ்சின் எண்ணையும் பார்த்துவிடுங்கள். இந்த வண்டியின் ஒரிஜினல் எஞ்சினான ஆர்பி26க்குப் பதில் வேறு எஞ்சின் ஏறியிருந்தால் அந்த வண்டியை மறந்துவிடலாம்.

கலிஃபோர்னியா பற்றி இரவு எழுதுகிறேன். அது தனிக் கதை.

---

கணக்குப்பிள்ளை:

ஆர்பி அண்ணன் சொன்னதற்கு மேல் தேதி பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. சுங்க முகவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன் என்பதால் பணப் பக்கம் மட்டும்.

பயணியர் காருக்கு அடிப்படை வரி 2.5 சதவீதம். கூடவே சுங்கத்துறையின் சரக்குப் பரிசீலனைக் கட்டணம் 0.3464 சதவீதம், துறைமுகப் பராமரிப்புக் கட்டணம் 0.125 சதவீதம். இவை பழைய கணக்கு. 2025 ஏப்ரலில் வெளிநாட்டுக் கார்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி வந்தது, பிறகு ஜப்பானுக்கு அதைக் குறைத்தார்கள். நுழையும் ஆண்டுக்குக் குறைந்தது 25 ஆண்டுக்கு முன் தயாரான வண்டிகள் அந்தக் கூடுதல் வரிக்குள் வராது. ஆனால் இப்போதெல்லாம் வரி அறிவிப்பு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கப்பல் ஏறும் வாரத்தில் உங்கள் முகவரிடம் எழுத்தில் கணக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கன்டெய்னரில் வருகிறது என்றால், கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே இறக்குமதிப் பாதுகாப்புத் தகவலைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். தவறினால் 5,000 டாலர் வரை அபராதம். ஏற்றுமதியாளர் பார்த்துக்கொள்வார் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அவருக்கு அந்தப் பொறுப்பே இல்லை, இறக்குமதி செய்பவருக்குத்தான். அப்புறம், அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி அனுப்பச் சொல்லுங்கள். மண் ஒட்டியிருந்தால் வேளாண் பரிசோதனையில் நிறுத்துவார்கள், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

---

இரண்டாம் கியர்:

நான் இந்தியாவிலிருந்து வேடிக்கை பார்ப்பவன். உங்களுக்கு 25 ஆண்டு என்பதே எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இங்கே பழைய கார் என்றால் தயாராகி 3 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், வலப்பக்க ஸ்டீயரிங், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும். இல்லையென்றால் 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். முன்பு 1950க்கு முன் தயாரானவைக்குத்தான் உரிமம் இல்லாமல் அனுமதி இருந்தது. 2025 பிப்ரவரியில்தான் 50 ஆண்டு என்று நகரும் கணக்காக மாற்றினார்கள். நடுவில் உள்ள எல்லாம், அதாவது நாம் ஆசைப்படும் எல்லாமே, அந்தரத்தில்.

பதிவுக்கு 2021இல் தனி விதி வந்தது. விண்டேஜ் வண்டிக்கு எண் பலகையில் விஏ என்ற எழுத்துகள், முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் தினமும் ஓட்டக் கூடாது, கண்காட்சி, பேரணி மாதிரியானவற்றுக்குத்தான். ஆர்34 இங்கே சட்டப்படி வர 2049 ஆகும். அதுவரை 1973இல் வெறும் 197 மட்டும் தயாரான கென்மேரி என்ற பழைய ஸ்கைலைன் ஜிடி-ஆர் வேண்டுமானால் வாங்கலாம், சட்டம் தடுக்காது. என் வங்கிக் கணக்குதான் தடுக்கிறது.

---

பேசைட் நீலம்:

ஆர்பி அண்ணா, ரொம்ப நன்றி. ஒரிஜினல் டர்போவை மாட்டச் சொன்னதும் ஏற்றுமதியாளரின் பதில் சுருங்கிவிட்டது. "மற்ற வாடிக்கையாளர்கள் யாரும் இப்படிக் கேட்பதில்லை" என்கிறார். செலவைத் தருகிறேன் என்று எழுதியிருக்கிறேன், பார்ப்போம்.

நண்பன் ஒருவன் ஒரு யோசனை சொன்னான். மொன்டானாவில் ஒரு நிறுவனம் பதிவு செய்து, அதன் பெயரில் காரை வைத்துக்கொண்டு கலிஃபோர்னியாவில் ஓட்டலாமாம். விற்பனை வரியும் இல்லையாம். நிறையப் பேர் செய்கிறார்களாமே?

---

பழைய ஆர்பி:

செய்கிறார்கள். மாட்டிக்கொள்ளவும் செய்கிறார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை அது. மொன்டானாவில் விற்பனை வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் கலிஃபோர்னியாவில் குடியிருந்துகொண்டு, அங்கேயே வண்டியை நிறுத்தி ஓட்டினால் அங்கேதான் பதிய வேண்டும். வெளிமாநிலப் பலகையோடு நிரந்தரமாக ஓடும் வண்டிகளைப் பற்றிப் புகார் சொல்லவே அந்த மாநில நெடுஞ்சாலைக் காவல்துறை ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. பேசைட் நீல ஆர்34 பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படாமல் இருக்குமா? விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் இரவில் வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான்.

விஷயம் இதுதான். 25 ஆண்டு, 21 ஆண்டு இரண்டுமே மத்திய அரசின் விலக்குகள். நாட்டுக்குள் வர அவை போதும், எண் பலகை கொடுப்பது மாநிலம். கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் இந்த விலக்குகளை மதிப்பதில்லை. அங்கே நேரடி இறக்குமதி (அமெரிக்கச் சந்தைக்கென்று கட்டாத) பெட்ரோல் கார்களில் 1975 வரையிலானவைக்குத்தான் தப்பிப்பு. அதற்குப் பிந்தையது என்றால் உரிமம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, கலிஃபோர்னியாவின் புகை அளவுக்கு வண்டியை மாற்றி, சோதனையில் தேற வைத்து, சான்று வாங்க வேண்டும். பல ஆயிரம் டாலர் ஆகும், மாதக்கணக்கில் வண்டி அங்கேயே நிற்கும். டெக்சாஸில் முதலில் பதிந்துவிட்டு அப்புறம் கொண்டுபோனால் தப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டெக்சாஸ் டைட்டில் (உரிமைச் சான்று) இருந்தாலும் அது நேரடி இறக்குமதி வண்டிதான்.

ஆகவே மாற்றல் உறுதியா இல்லையா என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். உறுதி என்றால், ஏற்கெனவே கலிஃபோர்னியாச் சான்றோடு அங்கேயே பதிவான ஒரு வண்டியைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். விலை கூடத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கூடுதலில் பாதி பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம்தான்.

டெக்சாஸிலேயே இருப்பது என்று ஆனால் ஒரு விஷயத்தில் கவனம். நம் வண்டிக்கு அமெரிக்க வண்டிகளுக்கு இருப்பது போல 17 இலக்க வின் எண் (வண்டியின் அடையாள எண்) கிடையாது. பிஎன்ஆர்34, ஒரு கோடு, அப்புறம் 6 இலக்கம், அவ்வளவுதான். பதிவு அலுவலகக் கணினி இதைப் பார்த்ததும் முகம் சுளிக்கும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, ஒரு மாநிலத்தில், கவுன்ட்டரில் இருந்தவர் முன்னால் பூஜ்யங்களைச் சேர்த்து 17 ஆக்கி டைட்டில் அடித்துக் கொடுத்துவிட்டார். இவரும் சந்தோஷமாக வாங்கி வந்துவிட்டார். விற்கப் போனபோது சுங்கக் காகிதத்தில் ஓர் எண், டைட்டிலில் ஓர் எண். வாங்க வந்தவர் திருட்டு வண்டியோ என்று ஓடிவிட்டார். எழுத்துக்கு எழுத்து, ஏற்றுமதிச் சான்றிதழில் இருப்பது போலவே டைட்டிலில் இருக்கிறதா என்று கவுன்ட்டரை விட்டு நகருமுன் பாருங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: சுங்கத்துறை விடுவித்த 7501 நுழைவுப் படிவம், பாதுகாப்புத் தரங்களுக்கான எச்எஸ்-7 படிவம், 3520-1, ஏற்றுமதிச் சான்றிதழின் அசல், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, விற்பனை ரசீது. எச்எஸ்-7இல் 25 ஆண்டுக்கு மேற்பட்டது என்ற முதல் கட்டம்தான் டிக் ஆகியிருக்க வேண்டும். முகவர் அவசரத்தில் வேறு கட்டத்தைக் குறித்திருந்தால் துறைமுகத்திலேயே திருத்தச் சொல்லுங்கள்.

---

பேசைட் நீலம்:

ஏற்றுமதியாளர் ஒப்புக்கொண்டுவிட்டார், ஒரிஜினல் டர்போக்களையும் கன்வர்ட்டரையும் மாட்டித் தருவாராம். கப்பல் ஏப்ரலில்தான் என்றும் சொல்லிவிட்டேன். அதுவரை கொட்டகை வாடகை கேட்கிறார். மாற்றல் பற்றி மேலாளரிடம் திங்கட்கிழமை நேராகவே கேட்கப் போகிறேன். அதற்குப் பிறகுதான் முன்பணம்.

---

பழைய ஆர்பி:

வாடகை கொடுங்கள், ஆனால் கூரை உள்ள இடமா என்று கேளுங்கள். அப்புறம் ஏலத் தாளின் படத்தை இங்கே போடுங்கள். கிரேடு 4 இருக்கட்டும், மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில், மீட்டரைத் திருத்தியதையோ மாற்றியதையோ காட்டும் நட்சத்திரமோ டாலர் குறியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.