துவக்குக் குழலுக்குள் ஈயமும் துருவும்: எந்த பிரஷ் சரி?

வணக்கம். வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறோம். பன்றிக் காவலுக்கு அப்பாவின் பெயரில் லைசன்ஸ் எடுத்த 12 போர் (குழலின் உள்துளை அளவு) ஒற்றைக்குழல் துவக்கு. இங்கிலாந்தில் செய்த பழசு, குழல் 30 அங்குலம், உள்ளே குரோம் பூச்சு கிடையாது.

கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து உள்ளே கறை ஏறுகிறது. குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், தோட்டா போடும் இடத்துக்குச் சற்று முன்னால் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள். வாய்ப்பக்கம் குழல் ஒடுங்குகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படை. அது சுடும்போது குண்டிலிருந்து ஒட்டிய ஈயமாகத்தான் இருக்கும். துணி விட்டு இழுத்தால் முதலில் கறுப்பு, அப்புறம் செங்கபிலம். அந்தச் செம்மைதான் பயமாக இருக்கிறது. துரு குழி விழுந்துவிட்டால் அந்தக் குழிக்குள்ளேயே ஈரமும் புகைக்கரியும் தங்கிவிடும்.

மண்ணெண்ணெய்த் துணி, நைலான் பிரஷ் இரண்டுக்கும் கறுப்பு கொஞ்சம் விட்டது, ஈயம் அசையவில்லை. துவக்கு எண்ணெய் பூசி இரவு முழுக்க ஊறவிட்டும் பார்த்தேன், அதே கதைதான். அப்பா தேங்காயெண்ணெய் போடச் சொல்கிறார். அது நாள்பட்டால் காறிப் பிசுபிசுக்கும் என்பதால் தொடவில்லை. டவுன் ஹார்ட்வெயார் கடையில் இருப்பது டிரில்லில் மாட்டும் இரும்புக் கம்பி பிரஷ். அதைக் குழலுக்குள் விட மனம் வரவில்லை.

பழைய 12 போர் வைத்திருக்கும் அண்ணன்மார், காக்காமார் சொல்லுங்கள்: இந்த ஈயப் படைக்கு 12 போர் வெண்கல பிரஷ் மட்டும் போதுமா, அல்லது அதன் மேல் எண்ணெயில் நனைத்த மிக மெல்லிய இரும்பு நாரைச் சுற்றித் தேய்க்க வேண்டுமா?