மறுமொழி: ‘தனியார் விமானி உரிமம்’ என்ற சொல் பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

நம் விமானக் கலைச்சொல் பட்டியலில், ஊதியமின்றிச் சொந்த விருப்பத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான பி.பி.எல். (பிரைவேட் பைலட் லைசென்ஸ்) என்பதற்குத் ‘தனியார் விமானி உரிமம்’ என்று முன்மொழிந்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. தனியார் பள்ளி, தனியார் வங்கி, தனியார் பேருந்து என்று பழகிய காதுக்கு, இது தனியார் விமான நிறுவனத்தில் வேலை பார்ப்பதற்கான உரிமம் என்றே படும். எங்கள் பக்கத்தில் பிள்ளையின் படிப்புக்குப் பணம் போடுமுன் வரவு செலவைக் கூட்டிப் பார்ப்பார்கள். பேரனுக்காக விசாரித்த கோட்டையூர் ஆச்சி ஒருவர், “இத முடிச்சா மாசம் என்னப்பா குடுப்பாக?” என்றுதான் முதலில் கேட்டார். இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு ஊதியத்துக்கு விமானம் ஓட்டச் சட்டம் இடம் தருவதில்லை என்பதை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

வேலைக்குப் போக வேண்டுமானால் வணிக விமானி உரிமமான சி.பி.எல். வேண்டும். அதற்கு 18 வயதும், இயற்பியல், கணிதத்துடன் 12ஆம் வகுப்புத் தேர்ச்சியும், 200 மணிநேரப் பறப்பும் தேவை. பி.பி.எல்.லுக்கு 17 வயது, 10ஆம் வகுப்பு, 40 மணிநேரம் போதும். அந்த மணிநேரங்கள் சி.பி.எல். கணக்கிலும் சேரும் என்றாலும், மாணவ விமானி உரிமத்திலிருந்து நேரே சி.பி.எல்.லுக்குப் போகிறவர்களும் நம் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வான்வழித் தொழிலை நாடுகிற குடும்பத்துக்கு இந்த வேறுபாடு முதல் நாளே தெரிந்தாக வேண்டும்; செலவு இலட்சக் கணக்கில் ஆகிறது.

‘தனி விமானி உரிமம்’ என்ற மாற்றும் எனக்கு உடன்பாடில்லை. பயிற்றுநர் இறங்கிக்கொள்ள, மாணவர் ஒருவராகவே எழும்பி, ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்குகிற ‘சோலோ’வுக்குத் ‘தனிப்பறப்பு’ என்பதே இயல்பான சொல். மேற்சொன்ன 40இல் 20 மணிநேரம் தனிப்பறப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. பறப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் நாள், விமானப் பதிவெண், புறப்பட்ட இடம், நேரம் ஆகியவற்றோடு, பயிற்றுநருடன் பறந்ததும் தனித்துப் பறந்ததும் பிரித்தே எழுதப்படும். அதே ‘தனி’யை உரிமத்தின் பெயரிலும் வைத்தால், ஆளேற்றாமல் தனியாகப் பறப்பதற்கான உரிமம் போலாகிவிடும், உண்மையில் கட்டணமின்றி உறவினரையும் நண்பரையும் ஏற்றிச் செல்லலாம்.

ஆகவே ‘தன்பயன் விமானி உரிமம்’ என்பதை முன்வைக்கிறேன். சொந்தத் தேவைக்கும் விருப்பத்துக்கும் பறப்பவர் என்ற பொருள் அதில் நேராக நிற்கிறது. ‘வணிக விமானி உரிமம்’ என்பதன் அருகில் எழுதும்போது எது பிழைப்புக்கு உதவும் என்பதும் விளங்கும். ‘தன்பயன்’ தன்னலம் போல ஒலிக்கிறது என்று சிலர் தயங்கலாம். ‘தன்’ முன்னிற்பதாலேயே அப்பொருள் வந்துவிடுவதில்லை. தன்மானம், தன்னாட்சி ஆகியவற்றில் அது உயர்வாகவே நிற்கிறது.

ஒரு விமான நிலையத்திலிருந்து தொலைவிலுள்ள மற்றொன்றுக்குப் பறக்கும் ‘கிராஸ் கன்ட்ரி’க்கு ‘நாடு கடந்த பறப்பு’ என்று பட்டியலில் இருப்பதையும் நீக்க வேண்டுகிறேன். பி.பி.எல்.லுக்குக் கேட்கப்படும் 150 கடல்மைல் தனிப்பயணம் ஏறத்தாழ 278 கிலோமீட்டர்தான். அதில் எல்லை எதையும் தாண்டுவதில்லை. ‘ஊரிடைப் பறப்பு’ பொருந்துமா என்று பயிற்சியில் இருப்பவர்கள் சொன்னால் நன்று.