வன்னியில் ஏ.ஈ. மனோகரன் பாட்டைக் கேட்டவர்கள், ஆடியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

ஏ.ஈ. மனோகரன் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு ஆள் பிடிபடாது. ‘சுராங்கனி’ பாடினவர் என்றால் உடனே தெரியும். 2018 ஜனவரியில் அவர் சென்னையில் காலமானபோதும் இதே கதைதான். என்னைச் சுற்றி இருந்தவர்கள் அந்த ஒரு பாட்டோடு ஆளை முடித்துவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஈழத்துப் பொப்பிசை என்று ஒன்று இருந்தது, அதை மேடையில் ஆடிக் காட்டியவர் அவர் என்பதை நாங்களே மறந்தால் வேறு யார் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960களின் கடைசியில் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடித் தொடக்கிவைத்தார். 1970களில் அந்த அலை பெரிதானது. அப்போதைய அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியிருந்தது, இந்தியச் சஞ்சிகைகள்கூட முன்போல வரவில்லை. உள்ளூர்க் கலைஞருக்கு இடம் கிடைத்தது, இலங்கை வானொலியும் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. மனோகரன், சிங்களவரிடையே பெயர்பெற்ற ஆட்டப் பாட்டான பைலாவின் அடியைக் கையில் எடுத்தார். அதற்குத் தமிழ் போட்டார், சிங்களம் கலந்தார், ஆடிக்கொண்டே பாடினார். ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்று பெயர் வந்தது. 1978இல் ‘வாடைக்காற்று’ படத்தில் நடித்தார். பிறகு இந்தியாவுக்குப் போய் ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரில் பல படங்களில் வில்லனாக வந்தார். சுராங்கனி மெட்டு 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் மலேசியா வாசுதேவன் குரலிலும் வந்ததால், அங்கே பலர் அதைச் சினிமாப் பாட்டு என்றே நினைத்திருக்கிறார்கள்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவர் பாட்டு எப்படி ஓடியது என்று எழுத ஆட்கள் இருக்கிறார்கள். வன்னியில் எப்படி ஓடியது என்று எழுத நாங்கள்தான் இருக்கிறோம். அவரை நேரில் கண்டவர்கள் கட்டாயம் எழுதுங்கள். பாட்டை மட்டும் கேட்டவர்கள் எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று சொன்னால் போதும்.

விசுவமடுவிலிருந்து:

தம்பி, நான் அரசாங்கத்தின் ‘படித்த வாலிபர்’ குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து இங்கே வந்தவன். பரீட்சை பாஸ் பண்ணியும் வேலை கிடைக்காத பெடியங்கள் நாங்கள். காடு வெட்டி மிளகாய் வைத்தோம். வெளிநாட்டு மிளகாய் வராத காலம் என்பதால் செத்தலுக்கு, அதாவது காய்ந்த மிளகாய்க்கு, நல்ல விலை. முதல் போகத்துக் காசில் சிலர் சைக்கிள் வாங்கினார்கள், நான் றேடியோ வாங்கினேன். மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணி மாறும்போது அதை வரம்பில் வைத்துவிடுவேன். பொப் பாட்டு வந்தால் பக்கத்துக் காணிக்காரன் ‘சத்தத்தைக் கூட்டு’ என்று கத்துவான்.

ஏன் அந்தப் பாட்டுகள் எங்களைப் பிடித்தன என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சினிமாப் பாட்டில் நிலவு வரும், ரோசாப்பூ வரும். இவர்களுடைய பாட்டில் மாமி வருவா, மீன் வரும், கள்ளுக்கடை வரும். எங்கள் ஊர்க் கதை எங்கள் ஊர்ப் பேச்சில் வந்தது. பகல் முழுக்கச் சேற்றில் நின்ற காலோடு இரவில் கொட்டிலுக்கு முன்னால் ஆடுவோம். மண்ணெண்ணெய்த் தகரம்தான் மேளம். ஆடிவிட்டுப் படுத்தால்தான் நித்திரை வரும்.

மனோகரனை ஒருமுறை யாழ்ப்பாணத்தில் கார்னிவல் மேடையில் கண்டேன். நீளத் தலைமுடி. பாடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முன்வரிசைப் பெரிய மனிதர்கள் கையால் தாளம் போட்டார்கள், பின்னால் நின்ற நாங்கள் ஆடத் தொடங்கிவிட்டோம். வன்னிக்குத் திரும்பும் லொறியில், மிளகாய்ச் சாக்கு விரித்த தட்டில் இருந்துகொண்டு, வழி முழுக்க அதையே பாடினோம்.

1977இல் ஆட்சி மாறியது, இறக்குமதி திறந்தது, மிளகாய் விலை விழுந்தது. ஆடிய பெடியங்கள் ஒவ்வொருவராகக் காணியை விட்டுப் போனார்கள். அவரும் அந்த நேரத்தில்தான் இந்தியப் பக்கம் போனார் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தபோது மனதுக்கு ஒருமாதிரி இருந்தது.

மல்லாவியிலிருந்து:

ஐயா சொன்னதற்கு இருபது வருடம் பிந்திய கதை என்னுடையது. யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்து மல்லாவியில் இருந்தோம். கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றறியும் இல்லை. பழைய பற்றறியை வெயிலில் காயவைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டலாம், அவ்வளவுதான். அப்ப எங்களுக்குச் சைக்கிள் டைனமோதான் கதி.

செய்த விதத்தைச் சொல்கிறேன், இதைப் பார்க்காத பிள்ளைகளுக்குப் பயன்படும். சைக்கிளைத் தலைகீழாக, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் படும்படி நிறுத்த வேண்டும். பின்சில்லில் டைனமோ. ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவில் இருந்து வருவது அப்படியே ரேப் ரெக்கோடருக்கு ஒத்துவராது, அது திசை மாறி மாறி வரும் ஏசி மின்சாரம். இடையில், மின்சாரத்தை ஒரே பக்கமாக மட்டும் விடுகிற டையோட் பிடிக்க வேண்டும், ஒரு கப்பாசிற்றரும் வைத்தால் இரைச்சல் குறையும். உடைந்த றேடியோக்களில் இருந்து கழற்றி, ஈயம் உருக்கி ஒட்டித் தருகிற அண்ணை ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருந்தார். படிப்பு என்று பெரிதாக இல்லை, ஆனால் அவர் கை வைத்தால் பாடும்.

சுற்றுகிறவர் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் மனோகரனின் குரல் இழுபட்டுக் கிழவன் குரலாகிவிடும். செய்தி கேட்கும்போது சிரமம் இல்லை. பைலாப் பாட்டு போட்டால்தான் வில்லங்கம், சுற்றுகிறவரின் கையும் பாட்டின் அடிக்கே போகப் பார்க்கும். அடிக்கு அடி கை எம்பும், பாட்டும் சேர்ந்து எம்பும். ஆடுகிறவர்கள் ‘டேய், ஒழுங்காச் சுத்து’ என்று கத்துவார்கள். எல்லாரும் ஆடும்போது, தாளத்தைக் காதில் வாங்கிக்கொண்டே கையை அதற்குக் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும். அதனால் சுற்றும் வேலையை ஒரு பாட்டுக்கு ஒருவராக மாறிக்கொள்வோம்.

எங்களிடம் இருந்தது பலதரம் பிரதி எடுத்த கசெற். யாருடைய கையெழுத்திலோ ‘பொப்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பாடியவர் யார் என்று பிறகுதான் தெரிய வந்தது. ஒரு பெரியவர், இந்த நேரத்தில் சிங்களம் கலந்த பாட்டு தேவையோ என்று கேட்டார். அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது, வீட்டில் இழப்பு. அவர் இருக்கும் நேரம் போடமாட்டோம். ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகள்தான் முதலில் வந்து நிற்பார்கள். பங்கருக்குள் ஓடிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். மற்ற நேரங்களில் சத்தம் கேட்டால் ஒடுங்குகிற பிள்ளை, பாட்டுக்குக் கையை விரித்து ஆடும். அதை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், ஆட்டப் பாட்டை யாரும் இரண்டாந்தரம் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

முள்ளியவளையிலிருந்து:

நான் கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவன், ஆதலால் தாளத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பைலா அடி மூன்று மூன்றாகப் புரண்டு வருவது. போர்த்துக்கேயர் காலத்தில் அவர்களோடும், அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களோடும் இலங்கைக்கு வந்து, பிறகு மேடைப் பாட்டானது. வந்த வழி எதுவாக இருந்தாலும் எங்கள் ஆட்களின் காலுக்கு அது புதிதில்லை. கோவலன் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள், கும்மி அடித்து வளர்ந்தவர்கள். மும்மூன்றாக வரும் அடியை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒரு கலியாண வீட்டில் கித்தாரோடு ஒரு தம்பி மனோகரன் பாட்டைத் தொடங்க, பொங்கோ இல்லாததால் நான் மத்தளத்தில் பிடித்தேன். நன்றாகவே ஒட்டியது. எனக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவர் பந்தலுக்குள்ளேயே இருந்திருக்கிறார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, ‘வலந்தரையைக் கொஞ்சம் அமத்தி அடி’ என்றார்.

வவுனியாவிலிருந்து:

2002 ஏப்ரலில், போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி திறந்த பிறகு நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் வன்னிக்குள் போகும் வான்களில் இந்தப் பாட்டுகளைத்தான் போட்டார்கள். கிளிநொச்சியில் நடந்த ஒரு கலியாணத்தில் கனடாவில் இருந்து வந்த சித்தப்பாவும், ஒருநாளும் வன்னியை விட்டுப் போகாத பெரியப்பாவும் சேர்ந்து ஆடினார்கள். இருவரும் கதைத்துப் பல காலம். அன்றும் பெரிதாகக் கதைக்கவில்லை, ஆனால் ஆட்டத்தில் ஒரு அடி பிசகவில்லை.

கிளிநொச்சியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. விசுவமடு ஐயா எழுதியதை இரண்டாம் முறை வாசித்தேன், மல்லாவி அண்ணை எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பாடியவரின் பெயராவது ஓரளவு நிலைத்தது. அந்தப் பாட்டுகளுக்கு பொங்கோ அடித்தவர்கள், கித்தார் வாசித்தவர்கள் யார்? பழைய இசைத்தட்டு உறையில் பெயர் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். கசெற் வைத்திருப்பவர்கள், பூஞ்சணம் பிடித்திருந்தால் உடனே ஓட்டிப் பார்க்க வேண்டாம், நாடா அறுந்துவிடும். ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்தார் எங்கள் ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்துகிறார்கள், அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

மல்லாவி அண்ணை, ‘பொப்’ என்று எழுதிய அந்தக் கசெற் இப்போது எங்கே?

மல்லாவியிலிருந்து:

2009இல் மற்றச் சாமான்களோடு அதுவும் போய்விட்டது தம்பி. ஆனால் அதில் இருந்து பிரதி எடுத்த ஒருவர் துணுக்காயில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.